ஒரு ஸ்டார் அக்கா

எந்தக் கடையிலும் சரக்கு எப்படி என்று கடைக்காரனிடம் நான் கேட்டதில்லை. வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவனைத்தான் கேட்பேன். அவனும் கடைக்காரனுக்குச் சொந்தமாக இருந்தால் கேட்க மாட்டேன். லாரிப் பட்டறையில் பிரேக் வேலை பார்த்தவன் சார் நான். எதையும் மிதித்துப் பார்க்காமல் நம்பினால் ஆள் காலி.

என் மகளும் அப்படித்தான். முப்பத்தெட்டு வயதாகிறது, நான் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். அவளும் மாப்பிள்ளையும் என் வீட்டில்தான் இருந்தார்கள். கல்யாணமாகி வெகுகாலமாகியும் குழந்தை தங்கவில்லை. மாப்பிள்ளைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. நீங்கள் சொல்லும் அந்தக் கருத்தரிப்பு ஆஸ்பத்திரியும் அதே ஊர். அங்கேயே குடிபோய் வைத்தியம் பார்ப்பதென்று முடிவு செய்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். என் வீட்டை விட்டு நான் நகர மாட்டேன் என்று தெரிந்துதான் கூப்பிட்டார்கள்.

பாப்பா சும்மா போய் மாட்டிக்கொள்கிறவள் இல்லை. சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டு, அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி ஜனங்கள் எழுதியதைப் போனில் படித்துக் காட்டுவாள்.

"எல்லாம் அஞ்சு ஸ்டார்ப்பா. அன்பான ஊழியர்கள், சுத்தமான அறைகள்னு ஒரே மாதிரி எழுதியிருக்காங்க."

"லாட்ஜுக்கு எழுதினதை இங்க மாத்திப் போட்டுட்டாங்க போல," என்றார் மாப்பிள்ளை.

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. அங்க படுத்து எழுந்தவ ஒருத்தி எங்கிட்ட உண்மையைச் சொன்னா போதும். ஒரே ஒருத்தி."

தினமும் ராத்திரி இதையே சொன்னாள். பெற்றவன் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? ஒருத்தியைக் கொடுத்தேன்.

நான் மூன்றாம் வகுப்பு. ஆனால் பேசினால் போனே எழுதிக்கொள்கிறது. குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டுச் சொன்னேன். மூன்று தடவை பணம் கட்டியதாக, வேறு யாருடைய கருவையோ வைத்ததாக, கேட்டதற்கு வெளியே தள்ளியதாக, கடைசியில் கர்ப்பப்பையே போனதாக. ஒரு ஸ்டார் போட்டேன். கர்ப்பப்பை எடுத்தது நிஜம்தான். பாப்பாவின் அம்மாவுக்கு, அவள் போய்ச் சேர்வதற்கு முன்னால், வேறு ஆஸ்பத்திரியில், வேறு நோய்க்கு. முழுக்கப் பொய்யாக இருக்கக் கூடாதே என்று பார்த்தேன். இந்த ஆஸ்பத்திரி எப்படி என்று எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் நான் போனதே இல்லை.

பாப்பா படித்துவிட்டு வெளுத்துப்போனாள்.

"இதுதான்ப்பா நிஜம். எழுத்தெல்லாம் எவ்வளவு தப்பு தப்பா இருக்கு பாருங்க. காசு வாங்கினவ இப்படி எழுத மாட்டா."

அன்றே அந்தப் பெண்ணுக்கு எழுதினாள். அக்கா என்று கூப்பிட்டாள். அக்கா பதில் எழுதினாள். பக்கத்து அறையிலிருந்துதான்.

மாப்பிள்ளை விடவில்லை. அங்கே குழந்தை பெற்ற ஒருத்தி, படத்தோடு எழுதி, யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று நம்பரும் போட்டிருந்தாள். "இந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிடேன்" என்று கெஞ்சினார். பாப்பா அக்காவைக் கேட்டாள். அவள் காசுக்குப் பேசுகிறவள், படமும் இரவல் என்றாள் அக்கா. பாப்பா கூப்பிடவில்லை. எனக்குத்தான் மனசு கேட்காமல் நானே கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுதது. "சொல்லுங்க, நீங்களும் அங்க போகப்போறீங்களா?" என்று ஆசையாகக் கேட்டாள். வைத்துவிட்டேன்.

பிறகு இன்னொன்று எழுதினாள் பாப்பா. "இந்த வருஷத்தை விட்டா அப்புறம் ரொம்பக் கஷ்டம்னு இங்க இருக்கிற டாக்டரும் சொல்றாங்கக்கா. கையும் காலும் ஓடல. நான் என்ன பண்ணட்டும்?" டாக்டர்கள் எல்லாரையும் அப்படித்தான் பயமுறுத்துவார்கள், ஒரு வருஷம் பொறு, தானாகத் தங்கும் என்று அக்கா எழுதினாள். டாக்டர் சொன்னது நிஜமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு வருஷம் என்றேன்.

மாப்பிள்ளை தனியாகக் கிளம்பிப் போனார். முதலில் வாரம் ஒரு தடவை வந்தார், இப்போது வருவதில்லை. அந்த வருஷம் முடிந்து பரிசோதித்தபோது, கருமுட்டை தீர்ந்துவிட்டது, இனி வழியில்லை என்றார்கள். வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு போட்டாள், பாத்திரம் கழுவினாள், அதற்கப்புறம்தான் அக்காவுக்கு எழுதினாள். "அப்பா செத்துப் போயிருந்தா நானும் ஊரை விட்டுப் போயிருப்பேன்னு இன்னைக்குத் தோணிச்சுக்கா. நான் பாவியா?"

நான் கோபப்படவில்லை. நீ தங்கமான பெண், கடைசி மட்டும் அப்பாவைப் பார்த்துக்கொள், உனக்குக் குறை வராது என்று எழுதினேன்.

ஆஸ்பத்திரியின் பெயர் கெட்டதென்று வந்த புகாரைப் பற்றித்தானே நீங்கள் கேட்டீர்கள். ஆமாம், எழுதியது நான்தான். எனக்குத் தனியாக இருக்கப் பயம் என்று மாப்பிள்ளை சொல்லியிருப்பார். அதெல்லாம் இல்லை. ஒண்டியாகவே சமைத்துச் சாப்பிடுகிறவன் நான்.

காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். நானும் ஏதோ பொய் எழுதினேன் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும். அக்கா என்று ஒருத்தி இல்லை என்பதை மட்டும் சொல்ல வேண்டாம். நீங்கள் வாங்கி வைத்திருக்கும் என் போனையும் கொஞ்ச நேரம் கொடுங்கள். நேற்றிலிருந்து எழுதிக்கொண்டே இருப்பாள். நம்பிப் பேச அவளுக்கு வேறு யாரும் இல்லை, சார்.