ஞாயிற்றுக்கிழமை ஊசி

கோழி சூப்பை அவசரப்படுத்தக் கூடாது. தீயைக் கூட்டினால் கலங்கிவிடும், பிறகு எத்தனை தடவை வடிகட்டினாலும் தெளியாது. உங்கள் போலீஸ் ஸ்டேஷனில் எனக்குக் கொடுத்திருக்கிற இந்தக் காபியைப் போட்டவருக்கும் இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். பரவாயில்லை, குடிக்கிறேன். நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் என் வரிசைப்படிதான் சொல்வேன்.

வால்யெவோ ஊரில் எங்கள் வீட்டில் மூன்று பேர். நான் ராதோய்கா, என் தம்பி வெலிபோர், அவன் பெண்டாட்டி நெவேனா. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது யாராவது ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருந்தது, அந்த ஒருவர் நானாக இருந்தேன். ஊசி போடக் கற்றுக்கொண்டதும் அப்போதுதான். அம்மா போன பிறகு வீடு தம்பி பெயருக்குப் போனது, அடுப்பு எனக்கு வந்தது. அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. என் சூப் மேசைக்கு வந்தால்தான் அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை.

நெவேனா வந்த புதிதில் நன்றாகச் சாப்பிடுகிற பெண். இரண்டாம் தடவை கேட்டு வாங்குவாள், ரொட்டியால் தட்டைத் துடைப்பாள். அவளைக் குண்டாக்கியது நான்தான் என்று வெலிபோர் கேலி செய்வான். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். போன இலையுதிர் காலத்தில் ஒரு டாக்டரம்மா அவளுக்கு எடை குறைக்கிற ஊசி எழுதிக் கொடுத்தார். வாரம் ஒரு முறை. பேனா மாதிரி இருக்கும், வயிற்றில் வைத்து அழுத்தினால் போதும். குறைந்த அளவில் ஆரம்பித்து, உடம்பு பழகப் பழக அடுத்த அளவுக்கு ஏற வேண்டும். அவசரப்பட்டு ஏறக் கூடாது என்று டாக்டரம்மா என்னிடமே சொன்னார். ஏனென்றால் போடப் போகிறவள் நான். நெவேனாவுக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும், வெலிபோர் அவளைவிட மோசம்.

அப்படித்தான் அது என் வேலையாயிற்று. ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் அவள் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து, சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் போட்டது தெரியவே இல்லை என்பாள். எனக்குக் கை அவ்வளவு சுத்தம்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த மருந்து எங்கள் வீட்டில் குடியேறிவிட்டது. அவள் முதலில் ரொட்டியை விட்டாள், அப்புறம் உருளைக்கிழங்கை விட்டாள், கடைசியில் என் சூப்பை விட்டாள். வெலிபோரும் அவளோடு சேர்ந்து அரைத் தட்டோடு எழுந்திருக்க ஆரம்பித்தான். மிச்சமானதை நான் நாய்க்கு ஊற்றினேன். நாய்க்கு என் சமையலில் புகார் இல்லை.

ஜனவரியில் எங்கள் குடும்பப் புனிதரின் நாள் வந்தது. அந்த நாளில் வருகிறவர் தட்டை ஒதுக்குவது எங்கள் பக்கத்தில் அவமானம். வீட்டு மருமகளே ஒதுக்கினால் அதற்குப் பெயரே கிடையாது. நெவேனா சிலுவைக் குறி போட்டுவிட்டு, வேகவைத்த கோதுமை இனிப்பில் ஒரே ஒரு கரண்டி எடுத்துக்கொண்டாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி வைத்துச் சுருட்டி நான் ராத்திரியெல்லாம் வேகவிட்டது வந்தபோது தட்டைத் தள்ளினாள். பக்கத்து வீட்டு ஸ்தோயான்கா, இந்த இடுப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

"ரகசியம் ஒண்ணும் இல்ல," என்றாள் நெவேனா. "முன்னெல்லாம் அக்கா சமையலைப் பாத்தா நாக்குல எச்சி ஊறும். இப்பப் பாத்தா வயித்தைப் புரட்டுது."

மேசை முழுக்கச் சிரித்தது. வெலிபோர்தான் உரக்கச் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்றைக்குத்தான் அவளை வெறுக்க ஆரம்பித்தேன் என்று எழுதாதீர்கள். வெறுப்பெல்லாம் அதற்கு முன்பே இருந்தது. அன்று அதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

இப்போது என் தரப்பு நியாயத்தைச் சொல்கிறேன். வெலிபோர் சின்னப் பையனாக இருந்தபோது கொட்டகைக்குப் பின்னால் சிகரெட் பிடித்து மாட்டிக்கொண்டான். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. பாக்கெட்டில் இருந்த அத்தனையையும் ஒன்று விடாமல் பிடிக்க வைத்தார். அவன் பச்சையாக வாந்தி எடுத்தான். இன்றுவரை சிகரெட்டைத் தொட்டதில்லை. வேண்டாத ஒன்றை ஒருவர் விட வேண்டுமானால், அது திகட்டும்வரை கொடுப்பதுதான் வழி. அந்தப் பாடம் இங்கேயும் நன்றாக வேலை செய்யும் என்று எனக்குத் தோன்றியது. ஊசி அவளுக்குத் திகட்ட வேண்டும். அவள் என் மேசைக்குத் திரும்ப வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

பிப்ரவரியில் அவளுக்குக் குமட்டல் அதிகமாக இருந்ததால், ஈஸ்டர்வரை அதே அளவில் இருக்கட்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் வெலிபோர் ஆர்வக் கோளாறில் அடுத்த அளவுப் பேனாக்களை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தான். குளிர்பெட்டிக் கதவில், குடைமிளகாய்த் துவையல் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தன. ஈஸ்டருக்கு முன் வருகிற பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பழைய அளவை விட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி இருந்த அடுத்த அளவுப் பேனாவை எடுத்தேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அவளால் எழுந்திருக்க முடியவில்லை. தண்ணீர் குடித்தாலும் வெளியே வந்தது. யாரும் ஊசியை நினைக்கவில்லை. எங்கள் ஊரில் பல்வலி வந்தாலும் பக்கவாதம் வந்தாலும் குற்றவாளி ஒருவன்தான், திறந்த கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அடிக்கிற குறுக்குக் காற்று. ஸ்தோயான்கா வந்து சமையலறைக் கதவையும் எதிர் ஜன்னலையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஈரத் தலையோட ரெண்டுக்கும் நடுவுல உக்காந்தா வேற என்ன ஆகும்? கால்லயும் செருப்பு இல்ல."

அவள் சொல்வது சரிதான் என்றேன். நெவேனாவுக்குக் கம்பளிக் காலுறை மாட்டிவிட்டேன், பிளம் சாராயத்தில் நனைத்த துணியை நெஞ்சில் போட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இல்லாவிட்டால் நான் என்ன ஆவேன் அக்கா என்றாள். இதை நான் மறைக்க விரும்பவில்லை. அவள் அப்படிச் சொன்னாள், எனக்கு அது பிடித்திருந்தது.

நோன்பு இன்னொரு வசதி. சாப்பிடாமல் இருப்பவளைப் பார்த்து அந்த வாரங்களில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். பாதிரியாரே இவ்வளவு கண்டிப்பாக நோன்பு இருப்பதில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கன்னத்து எலும்பு தெரிய ஆரம்பித்தபோது, அழகாகிவிட்டாள் என்றார்கள். அடுத்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருந்து சரியாக இறங்கவில்லை, இன்னொரு தடவை குத்த வேண்டும் என்று சொன்னேன். சட்டையை இன்னும் கொஞ்சம் தூக்கினாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு எல்லாம் ஒன்றுதான். அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படியே.

அவள் விடவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். வாந்தி எடுத்துவிட்டுக் கண்ணாடி முன் போய் நின்று பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பிடிவாதத்தை என்னிடமிருந்துதான் கற்றுக்கொண்டாளோ என்னவோ.

வெலிபோர் ஒரு நாள் சமையலறை வாசலில் வந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?"

"முதல்ல அந்த ஜன்னலைச் சாத்து," என்றேன்.

சாத்தினான். என் தம்பி நல்லவன், சொன்னதைச் செய்வான். ஈஸ்டருக்கு முந்தின வாரம் டாக்டரம்மாவே போன் செய்தார். நெவேனா தூங்கிக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன். வாந்தி இன்னும் நிற்கவில்லை என்றேன், எந்த அளவு போடுகிறீர்கள் என்று கேட்டார். பழைய அளவுதான் என்றேன். அப்படியானால் ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்தார். எதற்கும் ஊசியை உடனே நிறுத்துங்கள், நாளைக்கே ரத்தப் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள் என்றார். சரி என்றேன். பண்டிகை வேலை தலைக்கு மேல் இருந்தது, முட்டைகளுக்குச் சிவப்புச் சாயம் ஏற்ற வேண்டியிருந்தது, சொல்ல விட்டுப்போனது என்று முதலில் உங்களிடம் சொன்னேன். விட்டுப்போகவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு அதிகாலையிலேயே கோழியை அடுப்பில் ஏற்றினேன். நோன்பு முடிந்து வருகிற முதல் சூப். தெளிவாக, பொன்னிறமாக வந்திருந்தது. மதியம் நெவேனா சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்கு வந்தாள். நாற்காலியில் உட்கார அவளுக்கு நேரம் பிடித்தது.

"அக்கா, வாசனை நல்லா இருக்கு," என்றாள். "எனக்கும் ஒரு தட்டு ஊத்து. ஊசி போதும்னு முடிவு பண்ணிட்டேன். இனிமே உன் சாப்பாடுதான்."

நான் நோன்பு முழுவதும் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அப்பாவின் வழி பலித்துவிட்டது. இத்துடன் இது முடிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது, கண் குழிந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். சிரித்தபோது அழகாக இருந்தாள். ஊசியும் வேண்டாம், சூப்பும் வேண்டும், அந்த இடுப்பும் அவளுக்கே இருக்கும். எனக்குத் தயவு காட்டுகிற மாதிரி என் சூப்பைக் கேட்டாள்.

"பாதியில நிறுத்தக் கூடாதாம்," என்றேன். "டாக்டரம்மா சொன்னாங்க. இன்னிக்கு மட்டும் போட்டுக்கோ."

அவள் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். பேனாவை எடுத்தேன். அது முடிந்ததும் இன்னொன்றை எடுத்தேன்.

மறுநாள் விடியும்போது அவள் மூச்சு நின்றிருந்தது. உடம்பில் தண்ணீரே இல்லை, இதயம் தாங்கவில்லை என்று ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். ஸ்தோயான்கா இன்றுவரை அந்த ஜன்னலைத்தான் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஊசியை விடுகிறேன் என்று அவளே சொன்ன பிறகு ஏன் போட்டாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சூப்பில் நூடுல்ஸ் அப்போதுதான் போட்டிருந்தேன், வேக நேரம் இருந்தது, என் கை சும்மா இருந்தது. அவளைக் கொன்றது நான்தான், அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அதற்குக் கீழே இதையும் எழுத வேண்டும். ஊசிக்குப் பிறகு சூப்பை ஊற்றிக் கொடுத்தேன். அவள் ஒரு தட்டு முழுக்கக் குடித்தாள், ரொட்டியால் தட்டைத் துடைத்தாள், இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள்.