வெளியில கிடக்கிற பூனை

மம்மல் இருட்டு நேரம்... இரணைமடுக் குளத்துக்குப் பின்னால, காட்டோரப் பாதை. ஈ காக்கா இல்லை. கிட்ட வாங்கோ. விளக்கைத் தணிச்சு விடுங்கோ, மண்ணெண்ணெய் கிடைக்கிற சீரில்லை. இது எனக்கு நடந்ததில்லை, என்ர மச்சான் யூட்சனுக்கு நடந்தது. தொண்ணூற்றி நாலில. முல்லைத்தீவில மீன் எடுத்து, சைக்கிள் கரியல்ல பெட்டி கட்டி, அந்தப் பக்கத்து ஊருகளில விக்கிறவன். காய்ச்சலால கொஞ்சக் காலம் போகேல்லை. அண்டைக்குத்தான் திரும்பப் போனவன்.

பத்தைக்குள்ளால ஒரு குரல்... "வா சாமி... வாடா சாமி..."

யூட்சன் பயப்பிடேல்லை. ஏன் பயப்பிட? தெரிஞ்ச குரல், ராக்காயியின்ர குரல். கலவரத்தில மலைநாட்டால அடிபட்டு வந்து, காட்டோரம் ஒரு துண்டு வெட்டி, கச்சான் கடலை போட்டுத் தனியச் சீவிச்ச மனுசி. விதைக் கச்சானை எலி தின்னாமக் காத்தது அவாவின்ர பூனைதான். எங்கட சனம் பூனையை 'பூஸ் பூஸ்' எண்டு கூப்பிடும். அவா மட்டும் பிள்ளையைக் கூப்பிடுற மாதிரி, சாமி எண்டு. இரவில அது வெளியிலதான் திரியும். ஆனா பொழுதுபட அவா கூப்பிட்டா, ஒருக்கா வந்து முகம் காட்டிப்போட்டுத்தான் போகும். யூட்சனும் போகேக்க வரேக்க அதுக்கொரு மீன் தலை போடுவான்.

"இந்தாங்கோ அக்கா, தலை வைச்சிருக்கிறன்" எண்டான். குரல் இன்னும் உள்ளுக்குப் போகுது... "வா சாமி..." பிறகு ஒரு மணம். பெட்டி மீன் நாத்தத்தையும் மேவிக்கொண்டு... வெடிமருந்து மணம்.

சைக்கிளை உருட்டிக்கொண்டு அவாவின்ர கொட்டிலுக்குப் போனான். கதவு ஆவெண்டு கிடக்கு. உள்ள இருட்டுக்குள்ள எலி கச்சான் கொறிக்கிற சத்தம்... கறுக்... கறுக்... பக்கத்துக் காணி இளையதம்பி வேலியால எட்டிப் பார்த்தவர். ராக்காயி செத்து எட்டாம் நாள் செலவும் முடிஞ்சுதாம். சிறுத்தை அடிச்சதெண்டு ஊர் சொல்லுதாம். அப்ப நான் கேட்ட குரல் ஆரின்ர எண்டு யூட்சன் கேட்க, மனுசன் நிலத்தைப் பார்த்தார். எங்களுக்கும் கேக்கிறதுதான் எண்டார். பிறகுதான் எல்லாத்தையும் சொன்னவர்.

நினைச்சா எனக்கு இப்பவும் பத்திக்கொண்டு வருது. பரமேஸ்வரன் எண்டு அங்க ஒரு காணிக்காரன். அவன்ர ஆடுகளைச் சிறுத்தை தூக்கிப்போட்டுது. அது வாற தடத்தில கட்டுத்துவக்கு வைச்சான். மரத்தில கட்டின துப்பாக்கி, தடத்துக்குக் குறுக்க கம்பி, கம்பியில கால் பட்டா வெடிக்கும். அதுக்கு இரை வேணும், கத்துற இரை. ஆடு கட்ட மனமில்லை. அவன்ர வீட்டிலயும் ஒரு பூனை நிண்டது, குசினி அடுப்படியில. அதை எடுத்தானோ? இல்லை. ராக்காயியின்ரயைப் பிடிச்சுக் கட்டினான். அது அந்த மனுசியின்ர பூனையெல்லே எண்டு இளையதம்பி கேட்டவராம். அவன் சொன்ன மறுமொழியைக் கேளுங்கோ.

"வெளியில கிடக்கிற பூனைதானே. எண்டைக்கோ ஒருநாள் ஏதாவது தூக்கத்தானே போகுது."

அந்த மனுசியிட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பொழுதுபட அவா கூப்பிட்டா. பூனை வரேல்லை. காட்டுக்குள்ள நிண்டு கத்துது... கத்துற பிள்ளையை விட்டிட்டு எந்தத் தாய் இருப்பாள்? போனா. கம்பி காலில பட்டுது. வெடிச் சத்தத்துக்குப் பூனை கயித்தை அறுத்துக்கொண்டு ஓடினதுதான், பிறகு ஒருத்தரும் காணேல்லை. சிறுத்தை அண்டைக்கு அந்தப் பக்கமே வரேல்லை.

உடம்பு கழுவின பொம்பிளையளுக்குத் தெரியும், தொடை முழுக்க ஈயக் குண்டு. சிறுத்தை எப்ப துவக்குத் தூக்கினது? ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அவன்ர வயலில வேலை, அவன்ர கிணத்தில தண்ணி. செத்தது கேக்க ஆளில்லாத மலைநாட்டாள். அந்த ஊரையே காறித் துப்பவேணும் போல இருக்கு எனக்கு.

யூட்சன் விடேல்லை. நேரா பரமேஸ்வரன் வீட்டுக்குப் போனான். கதவு பூட்டிக் கிடந்தது. தட்ட, பெண்சாதி ஞானேஸ்வரி திறந்து, அவனை உள்ள இழுத்து, உடன பூட்டினா. பரமேஸ்வரன் கதிரையில, கழுத்து வரைக்கும் போர்வை.

"சனத்துக்கு முன்னால சொல்லுங்கோ, நீங்கள் கட்டின துவக்கு எண்டு" எண்டான் யூட்சன். "அந்த மனுசி இன்னும் பூனை தேடுது."

"சிறுத்தை," எண்டான் அவன். "சிறுத்தைதான் அடிச்சது."

சொல்லி வாய் மூடேல்லை... படலையடியில குரல். மெதுவா. "வா சாமி... வாடா சாமி..."

வீட்டுப் பூனை அசையேல்லை, அடுப்புக்குப் பின்னால மயிர் சிலிர்த்துக்கொண்டு கிடந்தது. அசைஞ்சது பரமேஸ்வரன். கதிரையால வழுகி நிலத்தில இறங்கினான்... கையாலயும் முழங்காலாலயும்... ஞானேஸ்வரி ஓடிப்போய்க் கதவில முதுகைக் குடுத்துக்கொண்டு நிண்டா. அழேல்லை. களைச்சுப்போய்ச் சொன்னா.

"அவா உள்ள வந்திடுவா எண்டு பூட்டேல்லைத் தம்பி. இவர் போயிடுவார் எண்டு பூட்டுறன்."

யூட்சன் குப்பி விளக்கைத் தூக்கிப் பிடிச்சான்... கதவின்ர உள்பக்கம், முழங்காலுக்குக் கீழ, பலகை முழுக்கக் கீறல். பரமேஸ்வரன்ர விரலில ஒரு நகம் மிஞ்சேல்லை.