பூச்சுக் கூலி

– பச்சை மிளகாயை இன்னும் ரெண்டு கிள்ளிப் போடு, டெல்ஃபினாக்கா. இன்னைக்கு உறைக்க உறைக்கச் சாப்பிடணும். பணம் வந்துருச்சே, மாதாவே!

– கத்தாதடா எவுசேபியோ, அடுப்புல போசோலே சூப் பொங்கிரும். பேங்க்ல கேட்டுட்டேன். ஜாமீன் கம்பெனி பாக்கி முழுசையும் கட்டிருச்சு. மொதல்ல உன்கூட பூசின அத்தனை பேருக்கும் கூலி. நமக்கு அப்புறம்.

– மாதா சத்தியமா, அந்தக் காசு வராதுன்னே நான் கை கழுவிட்டேன். தீயணைப்பு நிலையம் முழுக்கப் பூசிக் கொடுத்துட்டு, அந்தக் கான்ட்ராக்டர் வெண்டல் வாசல்ல பிச்சைக்காரனாட்டம் நின்னோமே! அடுத்த வாரம், அடுத்த வாரம்னு இழுத்தடிச்சானே!

– நீ என்ன பண்ணக் கெளம்பின? சுத்தியலைத் தூக்கிக்கிட்டு, பூசின செவுத்தை உரிக்கப் போறேன்னு!

– பின்ன? யாரோ ஒருத்தரோட சொந்த வீடுன்னா, பாக்கி தீர்ற வரைக்கும் விக்க விடாம வீட்டு மேலயே உரிமை போட்டிருக்கலாம். சர்க்கார் கட்டடத்துல அது நடக்காதாமே.

– கேளு, அதுக்காகத்தான் சர்க்கார் வேலை எடுக்குறவன் மொதல்லயே ஜாமீன் வைக்கணும்னு சட்டம். அவன் கீழ வேலை செஞ்சவங்களுக்குக் கொடுக்கலேன்னா, ஜாமீன் கம்பெனி கொடுக்கணும். கெடுவுக்குள்ள கேக்கணும், அவ்வளவுதான்.

– இதெல்லாம் உனக்கு எப்படித் தெரிஞ்சுது? வக்கீல் சொன்னாரா?

– வெண்டல் சொன்னாரு.

– எந்த வெண்டல்?

– அதே வெண்டல்தான். ஃபோன் பண்ணி, "நான் கடன்ல மூழ்கிட்டேன் டெல்ஃபினா. இனி என்னை நம்பாதம்மா. கெடு முடியப் போவுது, அந்தக் கம்பெனியைப் பிடி"ன்னாரு.

– அப்பவே ஏன் என்கிட்ட சொல்லல?

– நீ நம்பியிருப்பியா?

– மாட்டேன். சரி, அவனுக்கு என்ன போச்சு? கம்பெனி காசுதானே?

– கம்பெனி சும்மா விடுமா? நமக்குக் கொடுத்ததை அவருகிட்ட வசூல் பண்ணும். ஜாமீனுக்கு வீட்டையே ஈடா எழுதிக் கொடுத்திருக்காரு. இப்போ வித்துக்கிட்டிருக்காரு.

– மாதாவே... அது தெரிஞ்சேவா ஃபோன் பண்ணாரு?

– தெரிஞ்சேதான்.

– கடைவீதியில வெச்சு அவரைக் கண்டபடி ஏசிட்டேனே அக்கா.

– ஏசினதுல தப்பில்ல. பாக்கி வெச்சாருல்ல? கேளு, குதிக்காதே. நாம எடுத்திருக்குற புதுப் பள்ளிக்கூட வேலைக்கு அவரை மேஸ்திரியா வரச் சொல்லியிருக்கேன்.

– என்னைக் கேக்காமலா? ...வர்றாராமா?

– வர்றாராம். ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. வெள்ளிக்கிழமையானா கூலி கைக்கு வந்துரணுமாம்.