காற்றுக்கு ஓடிய மீட்டர்

டீ போதும் சார், காலையில் ஒன்றுக்கு மேல் நான் குடிப்பதில்லை. மேட்டுத்தெரு கொளஞ்சியப்பன் உங்களிடம் கொடுத்த மனுவில் பொய் எதுவும் இல்லை. கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

என் பெயர் பரமசிவம். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். சுரங்கத்தில் ஃபிட்டர், இருபது வருஷ பெர்மனென்ட் சர்வீஸ். சுரங்க நகரியத்துக்கு வெளியே கூலிக்காரர்கள் குடியிருக்கும் மேட்டுத்தெருவில், கிணறெல்லாம் வற்றிய பிறகு, எண்பத்து மூன்றில் ஒரு தொண்டு அமைப்பு போர் போட்டு, டேங்க் கட்டி, நாற்பத்திரண்டு வீட்டுக்கும் மீட்டர் வைத்துக் கொடுத்தது. ஓடுகிற தண்ணீருக்கு மாதாமாதம் பணம் கட்டவேண்டும். மோட்டாருக்குக் கரண்ட் பில் அதிலிருந்துதான். குழாய் வேலை தெரிந்தவர் என்று என்னைப் பொறுப்பேற்கச் சொன்னார்கள். ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போய் வருவேன். சம்பளம் வாங்கியதில்லை.

வீரம்மாள் வீடு கடைசி, மேட்டின் உச்சியில். புருஷன் இல்லை. கான்ட்ராக்டில் மண் சுமந்தாள். ஒன்பது வயதில் ஒரு மகள், செல்லக்கிளி. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் மீட்டர் எட்டுப் பேர் வீட்டளவுக்கு ஓடியது.

"தண்ணி வரத்துக்கு முன்னாடி காத்துதான் சார் வருது. அதுக்கே முள்ளு சுத்திக்கினு கெடக்குது" என்றாள்.

அவள் சொன்னது சரி. மோட்டார் நின்றதும் மேட்டுக் குழாயில் காற்று அடைத்துக்கொள்ளும். திரும்பப் போடும்போது அது மீட்டர் வழியாகத்தான் வெளியே போகும். எனக்கு முதல் மாதமே தெரியும். காற்றை வெளியேற்ற ஒரு சின்ன வால்வு போதும். ஆனால் அதைப் போட்டால், அதுவரை மேட்டு வீடுகளில் வாங்கியதெல்லாம் தப்பு என்றாகிவிடும். அப்புறம் யார் என் கணக்கை நம்புவார்கள்? மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

கூட்டத்தில் எழுந்து, "காத்துக்கு எதுக்கு சார் காசு?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் அவளோடு சேர்த்து ஆறு வீடுகள் பணம் கட்டவில்லை.

ஆறு வீட்டுக்கும் தண்ணீரை நிறுத்துவது நியாயமில்லை. அதனால் அவள் வீட்டுக்கு மட்டும் நிறுத்தினேன். அவளுக்கு ஒரு குடம் கொடுக்கிற வீட்டுக்கும் தண்ணீர் நிற்கும் என்று சொன்னேன். கொளஞ்சியப்பன் பெண்சாதி கொடுத்தாள். அவர்கள் வீட்டுக்கும் இரண்டு நாள் நிறுத்தினேன். அதன்பிறகு யாரும் கொடுக்கவில்லை. பாக்கி வைத்தவர்களும் கட்டிவிட்டார்கள். தாயும் மகளும் மாடு இறங்குகிற குட்டையில் மொண்டார்கள்.

சித்திரைக் கடைசியில் ஒரு மத்தியானம் வீரம்மாள் என் குவார்ட்டர்ஸுக்கு வந்தாள். நான் கனகாம்பரத்துக்கு ஹோஸில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். குவார்ட்டர்ஸ் குழாய்களுக்கு மீட்டர் கிடையாது.

"புள்ளைக்கு நேத்துலேந்து வாந்தி பேதி சார். டாக்டரு நல்ல தண்ணி குடுக்கச் சொல்றாரு. ஒரு கொடம் வுடச் சொல்லுங்க."

"மீட்டர் சரின்னு ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறன் சார். எழுதிக்குங்க, இப்பவே ரேகை வெக்கறன்."

"இங்கே வேண்டாம். நாளைக்குக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் வை. வைத்ததும் திறந்துவிடுகிறேன்."

தண்ணீர் அவள் காலடி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. "நாளைக்கு வரிக்கும் தாங்காது சார்" என்றாள். நான் ஹோஸை அடுத்த பாத்திக்கு மாற்றினேன். அவள் கேட்டது மேட்டுத்தெருத் தண்ணீர். ஹோஸ் தண்ணீரை அவள் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தோன்றியது. ஆனால் கொடுத்திருந்தால் மறுநாள் கூட்டத்துக்கு அவள் வந்திருக்க மாட்டாள்.

பொழுது சாய்வதற்குள் பிள்ளை போய்விட்டது. வேண்டுமென்றே நடந்ததா என்று கேட்கிறீர்கள். தாங்காது என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நம்பவும் நம்பினேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் புதைத்துவிட்டு, மண் ஒட்டிய கையோடு கூட்டத்துக்கு வந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. எல்லோர் முன்னாலும் ரேகை வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை.

அவள் வீட்டு வால்வை நான் அந்த நிமிஷமே திறந்துவிட்டேன் சார். கொடுத்த வாக்கை நான் ஒருநாளும் மீறியதில்லை.