மச்சானின் கோட்டு

மேலவை என்பது மாநிலத்தின் மனசாட்சி, இன்ஸ்பெக்டர். அதில் என் நாற்காலி ஏசிக்கு நேர் கீழே இருந்ததால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மனசாட்சி கொஞ்சம் கண் அசரும்.

நான் நியமன உறுப்பினர். பதினெட்டு வருஷமாக என்னை எந்த ஜனமும் தேர்ந்தெடுத்ததில்லை. அதனால் எந்த ஜனத்தையும் நான் ஏமாற்றியதும் இல்லை. இந்த லட்சணத்தில்தான் தேர்தல் சீர்திருத்த மசோதா வந்தது. நியமனம் ரத்து, இனி அறுபது உறுப்பினர்களும் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்க வேண்டுமாம். என் வீட்டிலேயே கேட்டுப் பார்த்தேன்.

"உங்களுக்கா? தெருக்குழாய்க்கு வேணா போடுறேன். அதுலயாவது எப்பவாச்சும் தண்ணி வருது" என்றாள் மனைவி.

மசோதாவுக்கு ஆதரவு முப்பது, எதிர்ப்பு முப்பது. சமமானால் அவைத் தலைவர் ஆதரவாகப் போட்டுவிடுவார். அந்த ஆதரவு முப்பதில் ஒருவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். வாக்கெடுப்பு அன்று ஓய்வறையில் அவரிடம் கெஞ்சினேன்.

"போதும் மாப்ளே, நாம உக்காந்து தேய்ச்சது. நாற்காலிக்கே நம்மளப் பாத்தா அலுத்துப்போச்சு" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார்.

"கோட்டுப் பையில மாத்திரை... எடுப்பா."

கோட்டு கொக்கியில் தொங்கியது. எடுத்தேன். மடித்துக் கையில் போட்டுக்கொண்டேன். அவரை நான் தொடக்கூட இல்லை, குறித்துக்கொள்ளுங்கள். மறுபடியும் கேட்டார். எதையும் அவசரப்படாமல் பரிசீலிக்கத்தானே மேலவை என்று ஒன்றை வைத்திருக்கிறார்கள்? பரிசீலித்தேன். வாக்கெடுப்பு மணி அடித்தது. வெளியே வந்து கதவைச் சாத்தி, "மச்சான் தூங்குறாரு, எழுப்பாதீங்க" என்று காவலரிடம் சொன்னேன். உறுப்பினர் தூங்குகிறார் என்றால் எங்கள் அவையில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

எங்கள் அவையில் கை தூக்குவது கிடையாது. ஆதரவுக்கு ஒரு கதவு, எதிர்ப்புக்கு ஒரு கதவு. எதில் நுழைகிறோமோ அதுவே ஓட்டு. கோட்டும் கையுமாக, நிமிர்ந்து நடந்து, நுழைந்தேன்.

அவைத் தலைவர் முடிவை வாசித்தார்: ஆதரவு முப்பது, எதிர்ப்பு இருபத்தொன்பது. மசோதா நிறைவேறியது.

மச்சானைச் சாகவிட்டது நான்தான். அதைத் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். கதவு மாறி நுழைந்த சமாசாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள், வீட்டில் தெரிந்தால் மானம் போய்விடும். அதற்கு முன்னால் நான் ஒரு வாக்கெடுப்புக்கும் போனதில்லை.