கியரில் நின்ற வண்டி

— அந்த ரிமோட்டை எங்க வெச்சிருக்க, அக்கா? கொடு. அதுல இருக்கிற பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் நான் வண்டி பக்கத்துலயே போவேன்.

— இப்ப எதுக்குடா வண்டிகிட்ட போகணும்? போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து திரும்பி வந்து முழுசா ஒரு நாள் ஆகல. காரைக் கவர் போட்டு மூடிட்டேன். அது பாட்டுக்கு நிக்கட்டும்.

— நிக்கட்டும்னா எப்படிக்கா? வண்டியை விடும்போதே சொல்லிட்டாங்க, அந்த ரிமோட் ஸ்டார்ட் கிட்டைப் பிடுங்காம ரோட்டுல எடுக்கக் கூடாதுன்னு. மாட்டினது நான். பிடுங்கறதும் நானாத்தான் இருக்கணும். இந்தா பாரு, டூல் பேக்கோட வந்திருக்கேன்.

— முதல்ல உக்காரு. தூங்கி எத்தனை நாளாச்சோ. இந்தக் கோலத்துல ஒயரைப் பிடிச்சு ஷாக் அடிச்சு விழுந்து வெச்சேன்னா, அதுக்கும் நான்தான் ஓடணும்.

— பன்னெண்டு வோல்ட்டுல யாருக்கும் ஷாக் அடிக்காதுக்கா.

— ஆமாம், பெரிய எலக்ட்ரீஷியன். உக்காருடான்னா.

— சரி, உக்காந்துட்டேன். போதுமா?

— சாப்பிட்டியா?

— சாப்பிட்டேன்.

— பொய். மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. மூணு வாரத்துல பாதியா ஆயிட்ட. கடையைத் திறக்கிறியா இல்லியா?

— திறக்கறேன். கஸ்டமர் வண்டியோட வந்து நிக்கறாங்க, ஹாரன் அடிக்கல, லைட் எரியலன்னு. பானட்டைத் தூக்கினா எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. பக்கத்துக் கடைக்காரர்கிட்ட அனுப்பி விட்டுடறேன். அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். நீ கத்தக் கூடாது.

— கத்தற தெம்பு எனக்கு எங்கடா இருக்கு? சொல்லு.

— நாளைக்குக் காலையில ஸ்டேஷனுக்குப் போறேன்.

— எதுக்கு? எல்லாம்தான் முடிஞ்சுதே. விபத்துன்னு எழுதிட்டாங்க. அவர் வண்டி முன்னாடி குனிஞ்சு லைட்டைத் துடைச்சுக்கிட்டிருந்தார், பாக்கெட்ல இருந்த ரிமோட் அமுங்கிடுச்சு, வண்டி கியர்ல இருந்ததால முன்னால பாஞ்சு சுவரோட... அவ்வளவுதான். நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்.

— கிட்டை மாட்டினது யாருன்னு கேட்டதுக்கு நீ என்ன சொன்ன? ஏதோ ஒரு கடையில, பேரு ஞாபகம் இல்லைன்னு சொன்ன. என்னைக் காப்பாத்தறேன்னு நினைச்சுக்கிட்டு சொன்ன. எனக்கு அந்தக் காப்பாத்தல் வேண்டாம்க்கா. மாமாவைக் கொன்னது என் ஒயரிங்.

— வாயைக் கழுவு! கொன்னது கின்னதுன்னு.

— பின்ன என்ன சொல்லணும்? க்ளட்ச்சை மிதிச்சாத்தான் அந்த வண்டி ஸ்டார்ட் ஆகும். பெடலுக்கு அடியில கட்டை விரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. கியர்ல இருக்கிற வண்டி தெரியாம கிளம்பிடக் கூடாதுன்னு அதை வெச்சிருக்கான். ரிமோட்ல ஸ்டார்ட் பண்றப்ப க்ளட்ச்சை மிதிக்க யார் கால் இருக்கு? அதனால அந்த ரெண்டு ஒயரையும் வெட்டி, ஒண்ணா முறுக்கி, டேப் சுத்திட்டேன். கிட்டோட வந்த தாள்லயே போட்டிருந்தான், கியர் வண்டிக்கு மாட்டாதேன்னு. படிச்சேன்க்கா. படிச்சுட்டுத்தான் மாட்டினேன்.

— உன்னை மாட்ட வெச்சது யாரு? எதிர் வீட்டுக்காரி மாடியில நின்னுக்கிட்டு டிக்குன்னு அமுக்குவா. கீழ வண்டி உர்ருன்னு உயிர் வந்து நிக்கும். அவ சாவகாசமா இறங்கி வந்து ஏறினா உள்ள ஜில்லுன்னு இருக்கும். நம்ம வண்டியில ஏறினா அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு, எனக்கும் அது வேணும்னு உன் உயிரை வாங்கினது நான். நீ ரெண்டு மாசம் முடியாதுன்னுதான் சொன்ன.

— முடியாதுன்னே இருந்திருக்கணும்.

— இருந்தியா? என் பிறந்த நாளுக்கு வந்து மாட்டிட்டுப் போன. நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நாலு பேருக்கு போன் பண்ணி பீத்திக்கிட்டேன்.

— மாமாகிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேன்க்கா. நிறுத்தினதும் நியூட்ரல் பண்ணுங்க, ஹேண்ட் பிரேக்கை முழுசா இழுங்க. ஷெட் கதவு மூடியிருந்தா தயவுசெஞ்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க, புகை உள்ளயே சுத்தும். வண்டிக்கு முன்னாடி ஆள் இல்லைன்னு கண்ணால பாத்துட்டு அமுக்குங்க. ரிமோட்டைக் கண்ட இடத்துல போடாதீங்க. ஸ்டீயரிங் பக்கத்துல ஸ்டிக்கர் கூட ஒட்டினேன், ‘நியூட்ரல் பாத்தீங்களா?’ன்னு.

— அதைப் பாத்துட்டு என்ன சொன்னார் தெரியுமா? ‘ஒயர் மச்சான் எனக்கு டிரைவிங் ஸ்கூல் நடத்தறான்டி’ன்னார். ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.

— சிரிச்சார். மாத்திக்கல.

— எப்படிடா மாத்திக்குவார்? இருபத்திரண்டு வருஷம் தண்ணி லாரி ஓட்டினவர். மேட்டுல நிறுத்தினா ஃபர்ஸ்ட் கியர்ல போடணும், டயருக்கு அடியில கல்லு வைக்கணும், ஹேண்ட் பிரேக்கை நம்பினவன் வீடு போய்ச் சேர மாட்டான்னு சொல்லிச் சொல்லி வளந்த ஆளு. நம்ம ஷெட்டு வேற சரிவு. தூக்கத்துல எழுப்பி வண்டியை நிறுத்தச் சொன்னாலும் அவர் கை கியருக்குத்தான் போகும்.

— அப்போ இத்தனை நாள் ரிமோட்ல எப்படி ஸ்டார்ட் பண்ணினார்? முதல் நாளே பாஞ்சிருக்கணுமே.

— காலையில முதல்ல போய், கதவைத் திறந்து, நியூட்ரல் பண்ணி, பிரேக்கை இழுத்துட்டு, திரும்ப வீட்டுக்குள்ள வருவார். வந்து ஜன்னல்கிட்ட நின்னு அமுக்குவார்.

— அட ராமா! வண்டி வரைக்கும் போனவரு அங்கேயே சாவியைத் திருகிட்டு வரலாமே? அதுக்கு ரிமோட் எதுக்கு?

— அதையேதான் நானும் கேட்டேன். ‘அவன் ஆசையா மாட்டிக் கொடுத்திருக்கான்டி, வந்து கேட்டா என்ன சொல்றது? அவன் மனசு நோகக் கூடாது’ன்னார். பைத்தியக்கார மனுஷன்.

— ஐயோ அக்கா, இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்.

— அழுடா. அழுதுடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எனக்குத்தான் அழுகை வந்து தொலைய மாட்டேங்குது. அவர் சட்டையைத் துவைக்கப் போட்டேன், மடிச்சு வெச்சேன், அப்பக்கூட வரல.

— அன்னைக்கு மட்டும் ஏன் நியூட்ரல் பண்ணல?

— அன்னைக்கு லீவு. எங்கேயும் போறதா இல்ல. சும்மா கழுவலாம்னு பக்கெட்டோட இறங்கினார். கியர் அப்படியே இருந்துச்சு.

— அதுதான்க்கா எனக்கு உதைக்குது. தூக்கமே வரல. எங்கேயும் போறதா இல்ல. அப்புறம் வண்டி எப்படி ஸ்டார்ட் ஆச்சு?

— அதான் சொன்னேனே. பாக்கெட்ல அமுங்கி...

— பாக்கெட்ல அமுங்கினா அது வேலை செய்யாது.

— என்னடா சொல்ற?

— முதல்ல பூட்டற பட்டனை ஒரு தடவை அமுக்கணும். அப்புறம் ஸ்டார்ட் பட்டனை விடாம மூணு செகண்ட் பிடிச்சிருக்கணும். பாக்கெட்ல கிடந்து தானா அமுங்கிடக் கூடாதுன்னு நான்தான் அப்படி செட் பண்ணினேன். அதே மாதிரி இன்னொரு கிட்டைக் கடையில மேஜை மேல வெச்சு, ரிமோட்டைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு உக்காந்தேன், எழுந்தேன், குனிஞ்சேன், மண்டி போட்டேன். மூணு நாளாச்சு. ஒரு தடவை கூட ஸ்டார்ட் ஆகல.

— மிஷின்தானே. என்னைக்காவது புத்தி மாறிப் போயிருக்கும்.

— அப்படின்னா அதையும் கண்டுபிடிக்கட்டும். நாளைக்கு இதையும் சேத்து எழுதிக் கொடுத்துடறேன். கிட்டைப் பிடுங்கி லேபுக்கு அனுப்பட்டும். ஒயரிங் தப்பு என்னோடதுன்னு கையெழுத்துப் போடறேன். கடையை மூடுன்னா மூடறேன். உள்ள தள்ளினாலும் போறேன். இப்படி உன் எதிர்ல திருடன் மாதிரி உக்காந்திருக்க என்னால முடியல.

— சொல்லாதே.

— என்னால முடியலக்கா.

— சொல்லாதேன்னா சொல்லாதேடா! பாக்கெட்ல அமுங்காதுன்னு நீ எழுதிக் கொடுத்தா, அவங்க அடுத்தது என்ன கேப்பாங்க? அப்போ அமுக்கினது யாருன்னு கேப்பாங்க.

— கேக்கட்டும்.

— நான்தான்.

— என்ன?

— நான்தான் அமுக்கினேன். சாயந்திரம் கடைத்தெருவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லலாம்னு, வண்டி ஜில்லுன்னு ஆகட்டும்னு ஜன்னல்கிட்ட நின்னு அமுக்கினேன். அவர் முன்னாடி குனிஞ்சிருந்தது எனக்குத் தெரியல. ரிமோட்டை அவர் பாக்கெட்ல வெச்சதும் நான்தான். ஆம்புலன்ஸ் வர்றதுக்கு முன்னாடி வெச்சேன். கேட்டுட்டியா? போ, இப்ப போய் எழுதிக் கொடு. உன் அக்காவைப் பிடிச்சுக்கிட்டுப் போகட்டும்.

— அக்கா...

— என்னைத் தொடாதே.

— சாயந்திரம் கடைத்தெருவுக்குப் போறதுக்குக் காலையில பதினொரு மணிக்கு யாராவது ஏசி போடுவாங்களா?

— புத்தி கெட்டுப் போய்ப் போட்டேன்.

— பொய் சொல்ற.

— நான் எதுக்கு...

— பதினொரு மணிக்கு நீ என்கூட போன்ல இருந்த. ‘பாத்திரம் தேச்சுக்கிட்டிருக்கேன், ரெண்டு கையும் சோப்பு, ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், காதைப் பிளக்காதே’ன்னு என்னைத் திட்டின. குழாய்ல தண்ணி விழற சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் அந்தச் சத்தம். அப்புறம் நீ ‘என்னங்க’ன்னு கத்தினது. இங்க சமையல் ரூம்ல ஏது ஜன்னல்? ஷெட் தெரியற ஜன்னல் ஹால்லதானே இருக்கு.

— போதும்டா. நேரமாச்சு, நீ கிளம்பு.

— சொல்லுக்கா. ஹால்ல யார் இருந்தா?

— மெதுவா பேசு.

— மாமா வெளிய. நீ சமையல் ரூம்ல. அப்புறம் வீட்டுல யாரு...

— மெதுவா பேசுடா. உள்ள தூங்கறா.

— ஐயோ. பாப்பாவா?

— உனக்கு ஏன்டா இவ்வளவு நல்லா எல்லாம் ஞாபகம் இருக்கு? குழாய்ச் சத்தத்தையெல்லாம் எதுக்குடா கேட்டுத் தொலைச்ச?

— அஞ்சு வயசுக் குழந்தை. அவ கையில ரிமோட் எப்படி வந்துச்சு?

— நான் கொடுத்தேன். காலையிலேர்ந்து ஒரே நச்சரிப்பு, அப்பாகூட நானும் வண்டி கழுவணும்னு. இருமல் இருந்துச்சு, தண்ணியில விட வேண்டாம்னு உள்ளயே வெச்சிருந்தேன். அந்த நேரம் பாத்து நீ போன் பண்ணின. பேச விட மாட்டேங்கறா, முந்தானையைப் பிடிச்சு இழுக்கறா. ‘இந்தா, இதை வெச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போய் விளையாடு’ன்னு மேஜை மேல கிடந்ததை எடுத்து நான்தான் கொடுத்தேன். என் கையால. ஈரக் கையால.

— அவளுக்கு அமுக்கத் தெரியுமா? பூட்டிட்டு, மூணு செகண்ட் பிடிக்கணுமே.

— அவர்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். தினம் நியூட்ரல் பண்ணிட்டு வந்து, அவளைத் தூக்கி ஜன்னல் மேல உக்கார வெப்பார். ‘முதலாளியம்மா, வண்டியைக் கிளப்பலாமா?’ன்னு கேப்பார். அவ பூட்டிட்டு, பெரிய பட்டனைப் பிடிச்சுக்கிட்டு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணுவா. நீ மனசு நோவேன்னு சொன்னதெல்லாம் பாதிதான்டா. அவ எண்ணறதைக் கேக்கத்தான் அந்த மனுஷன் தினம் போயிட்டுப் போயிட்டு வந்தார்.

— அவ... மாமாவைப் பாத்தாளா?

— பாக்கல. ஜன்னல்லேர்ந்து வண்டியோட பின்பக்கம்தான் தெரியும். நான் அவளை அப்படியே அள்ளிட்டுப் போய் பெட்ரூம்ல விட்டு வெளித் தாழ்ப்பாள் போட்டுட்டுத்தான் அவர்கிட்டயே ஓடினேன். முதல்ல அவர்கிட்ட ஓடலடா. அதை நினைச்சாத்தான்... சரி விடு.

— நீ ஓடியிருந்தாலும் அந்த ஒரு நிமிஷத்துல ஒண்ணும் ஆகியிருக்காதுக்கா. டாக்டரே சொன்னார்.

— உனக்குச் சொன்னார். எனக்கு யாரு சொல்றது? இதைக் கேளு. நீ நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. என்னைக்காவது பெரியவளாகி அந்த கேஸ் பேப்பரை எடுத்துப் படிப்பா. அதுல பாக்கெட்டுன்னுதான் இருக்கணும். அப்பா பாக்கெட்ல அமுங்கிச்சுன்னு இருக்கணும். எனக்கு அது ஒண்ணு போதும்.

— போகல.

— சத்தியமா?

— போகலக்கா. ஆனா நான் பண்ணினதை நான் யார்கிட்ட போய்ச் சொல்லுவேன்?

— என்கிட்ட வந்து சொல்லு. தினம் வந்து சொல்லு. நானும் உன்கிட்ட சொல்றேன். வேற யாரு இருக்கா நமக்கு?

— சின்னக் குழந்தைதானேக்கா. ஒரு வருஷம் போனா அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. மறந்துடுவா.

— எங்கடா மறக்கறா? தினம் படுக்கும்போது என் கழுத்தைக் கட்டிக்கிட்டுக் கேக்கறா: ‘அப்பா கஷ்டப்பட்டுக் கழுவறாரேன்னு அன்னைக்கு நானே வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தேன்ல, அப்பா என்னை சமத்துன்னு சொன்னாராம்மா?’