அடுப்புப் பரணில் ஐந்து ஈட்டிகள்

— பரண்ல ஒண்ணுகூட இல்லியேடி தையலு. அஞ்சு ஈட்டியும் எங்க?

— எலி தூக்கினு போயிருக்கும்.

— என் தலைக்கு மேல ஒரு முழம் நிக்கிற ஈட்டிய எலி தூக்கினு பூடுமா?

— செலியமேட்டு எலிய இன்னான்னு நெனச்ச? உன் பட்டாளத்து சொல்தா தொப்பிய முழுசா தின்னுட்டு ஏப்பம் வுட்டதாச்சே.

— வெளயாடாத. ஈட்டிய பாரீசுக்குக் கொண்டுபோவ வர்ற தொரையோட மோட்டாரு ஏரிக்கரை சேத்துல மாட்டினு நிக்குது. ஆளுங்க தள்றாங்க. வந்து கேட்டாருன்னா நான் இன்னா பதில் சொல்றது?

— அவரு மெதுவா வரட்டும். நீ மொதல்ல ஏணிலேருந்து எறங்குயா. மூஞ்சியெல்லாம் கரி. தொரை பாத்தா உன்னையும் சேத்துக் கட்டித் தூக்கினு பூடுவாரு.

— பட்டாளத்துல இருந்தப்ப நூமியாத் தீவுலேருந்து கப்பல்ல கொண்டாந்த பொருளு. அடுப்புக்கு மேல கட்டி வெச்சா கரி ஒட்டாம இன்னா பண்ணும்? கிட்டப் போனாலே கருவாட்டு நாத்தம்.

— நீ பெட்டில பூட்டி வெச்சியே, அந்த மழைக்கே வண்டு வந்து மொனைல சுத்தின வவ்வா மயிரத் தின்னுச்சே, மறந்துட்டியா? வெதைக் கம்பு தொங்கற எடத்துல நாந்தான் தூக்கிக் கட்டினேன். பொகை பட்டதுலேருந்து ஒரு பூச்சி எட்டிப் பாக்கல. வெள்ளிக்கு வெள்ளி புங்க எண்ணெய் தொட்டுத் தொடச்சேன். உன் தலைக்குக்கூட அப்பிடி எண்ணெய் வெச்சதில்ல.

— அதான் தொரை போன தடவ என் கையப் புடிச்சினு, ‘முசே வைத்திலிங்கம், எவ்ளோ நல்லா வெச்சிருக்கீங்க’ன்னாரு.

— உன் கையப் புடிச்சாரா? நல்லாருக்குது நாயம்.

— சரி, உன் கையத்தான் புடிக்கணும். ‘சைகோன் போனவன் பட்டு கொண்டாந்தான், எங்க ஆளு குச்சி கொண்டாந்தாரு’ன்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சவ நீதானே? குடுத்தனுப்பலாம்னா இப்ப எதுக்கு ஒளிச்சி வெக்கிற?

— கேலி பண்ணினா குடுத்துடணுமா? உன்னையுந்தான் தெனம் கேலி பண்றேன்.

— கேளு தையலு. புள்ள குட்டி இல்லாத வூடு. நாம கண்ண மூடுனா, வர்றவன் இத ஒடிச்சி அடுப்புல வெச்சிடுவான். பாரீசுல கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருந்தா நூறு வருசம் கெடாது.

— புள்ள இல்லாத வூடுன்னு யாரு சொன்னா?

— இன்னா சொல்ற?

— நூமியாவுல இருக்குதே ஒண்ணு. பியேருன்னு.

— இரு, ஏணிலேருந்து எறங்கிடறேன்.

— தீவுல ஒரு பெரியவரு ஈட்டி குடுத்தாருன்னு சொன்ன. பொண்ணையும் குடுத்தாருன்னு மட்டும் சொல்லல.

— யாரு... யாரு சொன்னது உனக்கு?

— நீதான். திரும்பி வந்த வருசம் காய்ச்சல்ல கெடந்தியே, அப்ப ஒண்ணு வுடாம பெனாத்தின. அவ செத்தது, கைக்கொழந்தைய தாத்தன்கிட்ட வுட்டுட்டு வந்தது, ‘பேரன் ஆளாயி உன்னத் தேடி வர்றவரைக்கும் நீ வெச்சிரு’ன்னு அவரு இத உன் கைல குடுத்தது, எல்லாம்.

— இத்தினி வருசமா ஏன்டி ஒரு வார்த்த கேக்கல?

— கேட்டா இல்லன்னுடுவ. அன்னிக்கு வவுறு எரிய அழுதேன். சோறு எறங்கல. நீ வவுத்து வலின்னு நெனச்சி, உன் காய்ச்சலோட எழுந்து வந்து ஓமத்தண்ணி வெச்சிக் குடுத்த. அதக் குடிச்சிட்டு இன்னும் அழுதேன்.

— தப்புதான் தையலு. உன் மூஞ்சிக்கு நேரா சொல்ல தைரியம் வரல. இந்த ஈட்டியப் பாக்கறப்பெல்லாம் நெஞ்ச அறுக்குது. அதான் கண்ணுல படாம போவட்டும்னு...

— உன் கண்ணுல படாம போயி, அந்தப் புள்ளைக்கு இல்லாம போவட்டும்னா?

— அவன் எங்க வரப் போறான்? என் மூஞ்சிகூட தெரியாது. எத்தினி கடல் தாண்டணும்.

— மோட்டாரு சத்தம் கேக்குது. நீ வாசலுக்குப் போயி, ‘பொருளுக்குச் சொந்தக்காரன் வேற, தர முடியாது’ன்னு சொல்லு.

— சொந்தக்காரன் எப்ப வருவான்னு கேட்டா?

— உன்கூட சொல்தாவா இருந்த அந்தோணிசாமி சித்திரைல மறுபடியும் நூமியாவுக்குக் கப்பலேறினாரு இல்ல, அவருகிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன், ‘உன் தாத்தன் ஈட்டி அஞ்சும் பத்திரமா இருக்குது, வந்து வாங்கிக்கப்பா, பெரியம்மா காத்துனு இருக்கேன்’னு.